முத்திரை அட்டைக்கு என்ன செலவு?

டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் அதிகம், தமிழர்களும் உண்டு. ஆகஸ்ட் வெயில் அங்கே நம்மூருக்குச் சளைத்ததல்ல. 35 டிகிரி, கூடவே கசகசவென்று புழுக்கம். ஆனாலும் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டக் காலம். காலை 6.30-க்கு வானொலி உடற்பயிற்சி, 1928-ல் தொடங்கிய வழக்கம். வந்த பிள்ளையின் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள்; அதற்காகவே தூக்கத்தை உதறிவிட்டு ஓடும். அப்புறம் வலையோடு சில்வண்டு வேட்டை, தெருவில் போன் (Bon) எனும் கோடைத் திருவிழா நடனம், எடொகாவா ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. வெயில் உச்சிக்கு ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்தான் பெரும்பாலும் எல்லாமே.

அதே குடும்பம் விடுமுறைக்குச் செஞ்சிக் கோட்டைக்கு வந்தால்? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் அங்குள்ள சுமார் 800 அடி ராஜகிரி மலையைக் கொதிக்கும் பாறையில் ஆறு வயதுப் பிள்ளை ஏறுமா? கையில் பண்டம் இருந்தால் குரங்குத் தொல்லை வேறு. மலையைப் பெரியவர்களுக்கு விட்டுவிடலாம். கல்யாண மகால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன. கோடையில் மட்டுமாவது விடிந்ததும் கதவைத் திறந்து, இடத்துக்கு ஒரு முத்திரை என்று அட்டை கொடுத்தால் போதும். தொல்லியல் துறைக்கு அச்சுக்கூலி ஒரு பாரமா என்ன?