முட்டை நடந்து போகாது

மதுரை வேளாண்மைக் கல்லூரியில் நபார்டு உதவியோடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொழில் அடைகாப்பகம் நடத்துகிறது. தொழில் தொடங்குவோருக்குப் பயிற்சி, யோசனை, சந்தைத் தொடர்பு. நல்லது. கம்பம் பள்ளத்தாக்கின் சேரியிலிருந்து அங்கே போகிறவர் யார்?

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலுக்கடியில் கழுத்தொடிய அண்ணாந்து நின்று கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் நிலமில்லாத நம்ம சனம். எந்தக் கொடியில எத்தன கண்ணு விட்டு வெட்டணும்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க செஞ்சா அதுக்குப் பேரு கூலி வேலை. அதையே படித்தவன் படம்போட்டுக் காட்டினால் ‘புத்தாக்கம்’!

பணம்? 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம் தருகிறது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். கடன் பெரிதானால் வங்கி ஈடு கேட்கும். 1892 அரசாணையால் வந்த பஞ்சமி நிலமே பெரும்பாலும் கைமாறிப் போச்சு. எந்தப் பட்டாவை நீட்டுவது?

பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுங்கள். ஈடில்லாமல் கடன் கொடுங்கள். பெரியகுளத்தில் இதே பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து சேரிக்கு நடந்து வாருங்கள். அடைகாக்கிற கோழிதான் முட்டை கிடக்கிற இடத்துக்கு வரணும்.