யுத்தக் கைதியும் உலகச் சட்டமும்

யுத்தத்தில் பிடிபட்டவனைக் கொல்லக் கூடாது, அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, வேடிக்கைப் பொருளாக ஜனங்களுக்கு முன் நிறுத்தக் கூடாது, பெயர், பதவி, பிறந்த தேதி, பட்டாள நம்பர் இவைகளுக்கு மேல் ஒன்றும் சொல்லும்படி அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது, சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் வீட்டிற்கு அனுப்ப வேண்டும். இப்படியாக 143 ஷரத்துகள் கொண்ட ஓர் ஒப்பந்தம் 1949ஆம் வருஷம் ஆகஸ்டு 12ந் தேதி ஜெனிவா நகரத்தில் எழுதப்பட்டது. இன்று உலகத்தில் உள்ள அரசாங்கங்கள் அனேகமாய் எல்லாம் அதை ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தியா 1950லேயே ஒப்புக்கொண்டு, 1960இல் அதற்கென்று தனிச் சட்டமும் செய்துகொண்டது.

ஒப்புக்கொண்டவர்கள் அதன்படி நடக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே நம் நாட்டுப் பண்டிதர்கள், “இதென்ன பிரமாதம், வெள்ளைக்காரனுக்கு இப்போதுதான் புத்தி வந்தது, தர்ம யுத்தம் என்பது நம்முடைய சாஸ்திரத்தில் அன்றே இருக்கிறது” என்று ஆரம்பித்துவிடுவார்கள். இருப்பது வாஸ்தவந்தான். கைகூப்பினவனையும், ஆயுதம் இழந்தவனையும், தூங்குகிறவனையும் கொல்லலாகாது என்று மனு தர்மத்தின் ஏழாவது அத்தியாயம் சொல்லுகிறது. ஆனால் அடுத்த அத்தியாயத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டாமா? அடிமைகள் ஏழு வகை என்று கணக்குப் போடுகிற எட்டாவது அத்தியாயம் 415ஆவது சுலோகத்தில் முதல் வகையாக வைக்கப்பட்டிருப்பவன் யார்? யுத்தத்தில் பிடிபட்டவன்! உயிரை விட்டுவைப்பது அடிமையாக வைத்துக்கொள்ளுவதற்கே என்றால் அந்தத் தர்மத்தின் யோக்கியதை என்ன? பாரதக் கதையில் தர்ம யுத்த விதிகளை ஒவ்வொன்றாக உடைப்பதற்கு யோசனை சொன்னவர் சாட்சாத் பகவானே என்பதையும் அந்தப் பண்டிதர்களே ஒப்புக்கொள்ளுவார்கள்.

தமிழ் அரசர்கள் மட்டும் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்து, தாகத்திற்குத் தண்ணீர் கேட்டு, காலம் கடத்திக் கொண்டுவந்து கொடுத்ததைக் குடிக்க மறுத்து மாண்டான் என்று புறநானூற்றின் 74ஆவது பாட்டின் குறிப்பு சொல்லுகிறது. புலவர்கள் அதில் சேரனுடைய மானத்தைப் பார்த்தார்களே ஒழிய, சிறையில் இருந்தவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்காத சோழனைப் பார்த்து “ஏன்?” என்று கேட்டவர்களை நாம் அறியோம்.

இது நிற்க. நம்முடைய திண்டுக்கல்லுக்கு வருவோம்.

விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கும்பினியை எதிர்த்தவர். திண்டுக்கல் சீமைப் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்தார். 1800ஆம் வருஷம் ஜூன் மாதம் கோயமுத்தூரில் கும்பினிப் பட்டாளத்தைத் தாக்கத் திட்டமிட்டவர்களில் அவர் முக்கியமானவர். மறு வருஷம் சிவகங்கைச் சின்ன மருது திருச்சியிலும் சீரங்கத்திலும் பகிரங்கமாக அறிக்கை ஒட்டி யுத்தத்திற்கு அழைப்பு விட்டார். இது யுத்தமா, இல்லையா? இரண்டு பக்கமும் சேனை. இரண்டு பக்கமும் துப்பாக்கி. மாதக் கணக்கில் சண்டை. முடிவில் பிடிபட்ட கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். நம்மூர்க் கோபாலசமுத்திரக் கரையில்தான் என்பது இன்றைக்கும் ஊர் வழக்கு. அதே வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டார்கள். மிஞ்சினவர்களில் எழுபது பேருக்கு மேல் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி ஒரு சிறுபிள்ளை. 1818இல் வெல்ஷ் என்ற இராணுவ அதிகாரி பினாங்கில் அந்தப் பிள்ளையைக் கண்டு, அடையாளம் தெரியாதபடி உருக்குலைந்திருந்ததாகத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இந்த வெல்ஷுக்கு வளரி வீசவும் ஈட்டி எறியவும் ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவேதான்!

அக்காலத்தில் ஜெனிவா ஒப்பந்தம் ஏது என்று யாரேனும் சமாதானம் சொல்லலாம். ஒப்பந்தம் இல்லைதான். ஆனால் கும்பினிக்குக் கைதி என்றால் என்னவென்று தெரியாதா? 1780இல் பொள்ளிலூர்ச் சண்டையில் கர்னல் பெய்லியும் அவர் பட்டாளமும் ஹைதர் அலியிடம் பிடிபட்டுச் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தபோது, “ஐயோ, எங்கள் கைதிகளை இப்படி நடத்துவதா” என்று சீமை முழுவதும் கூக்குரல் போட்டவர்கள் யார்? 1784 மங்களூர் உடன்படிக்கையில் கைதிகளை விட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டவர்கள் யார்? அதே கும்பினிதானே! பதினேழு வருஷத்தில் அந்த நியாயம் எங்கே போயிற்று? ஹைதரையும் திப்புவையும் “எதிரி ராஜா” என்றார்கள். அவர்களிடம் பீரங்கியும் இருந்தது, வெள்ளைக் கைதிகளும் இருந்தார்கள். கோபால நாயக்கரையும் மருதுவையும் “கலகக்காரன்” என்றார்கள். எதிரி என்றால் உடன்படிக்கை. கலகக்காரன் என்றால் கயிறு. செய்த காரியம் ஒன்று; வைத்த பெயர் இரண்டு.

தோழர்களே, இந்தப் பெயர் வைக்கிற பித்தலாட்டம் அன்றோடு ஒழியவில்லை. பிறந்தவுடனேயே ஒருவனுக்கு ஒரு பெயரை ஒட்டி, அந்தப் பெயரைக் கொண்டே கிணற்றையும் தெருவையும் மறுக்கிற நாட்டில் வாழுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஹிட்லரிடம் பிடிபட்ட ஆங்கிலேய, அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேர்தான் செத்தார்கள். அதே ஹிட்லரிடம் பிடிபட்ட சோவியத் சிப்பாய்கள் சுமார் 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் பசியாலும் குளிராலும் குண்டாலும் மாண்டார்கள். ருஷியா 1929 ஒப்பந்தத்தில் சேரவில்லை என்பது வெளியே சொன்ன சாக்கு. ருஷியன் தாழ்ந்த ஜாதி என்பது உள்ளே இருந்த எண்ணம். ஜப்பான் அந்த 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஊர்ஜிதம் செய்யாமல், “ஆனாலும் அனுசரிக்கிறோம்” என்று 1942இல் வாக்கும் கொடுத்தது. வாக்கின் லட்சணத்தைச் சயாம் ரயில்பாதையில் பாருங்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை ஒரே வருஷ வேலை. அறுபதாயிரம் வெள்ளைக் கைதிகளைக் காட்டில் இறக்கி, அவர்களில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சாகடித்தார்கள்.

இது பாதிக் கதைதான். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் லாரியில் அள்ளியும் கொண்டுபோன தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எத்தனை பேர் அதே பாதையில் மாண்டார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. குறைத்துச் சொல்லுகிறவர்களும் பல பத்தாயிரங்களுக்குக் கீழே சொல்லுவதில்லை. வெள்ளைக் கைதிகளுக்குக் கூடாரத்திலாவது சொந்த டாக்டர்கள் இருந்தார்கள். பெயர் எழுதி வைக்கச் சொந்த அதிகாரிகள் இருந்தார்கள். காஞ்சனபுரியில் வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை ஜில்லாக்களிலிருந்து பால் மரம் வெட்டப் போன ஏழைக்கு என்ன இருந்தது? காலரா வந்தால் குழி; அந்தக் குழிக்கும் அடையாளம் இல்லை. ஏனென்றால் அவன் பெயர் “கைதி” அல்ல, “கூலி.” கூலியைப் பற்றிக் கைதி ஒப்பந்தத்தில் ஷரத்து கிடையாது!

அப்படியானால் சட்டமெல்லாம் வெறும் காகிதந்தானா? நாம் அப்படிச் சொல்லமாட்டோம். 1971 டிசம்பரில் டாக்காவில் சுமார் 93 ஆயிரம் பேர் இந்தியாவிடம் சரணடைந்தார்கள். அவர்கள் கொல்லப்படவில்லை, சோறு கிடைத்தது, கடிதம் போயிற்று, செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்து பார்த்தார்கள். அதுவரையில் மெச்சத் தக்கதே. ஆனால் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்ற 118ஆவது ஷரத்து என்னவாயிற்று? வங்காள தேசமும் சேர்ந்துதான் சரணாகதியை வாங்கியது என்று காரணம் சொல்லி, கடைசிக் கைதி ஊர் போய்ச் சேர 1974 ஆயிற்று. பேரம் பேசுவதற்குக் கையில் இருக்கும் சரக்காகத்தான் அவர்கள் வைக்கப்பட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

நாடுகள் எப்போது சட்டப்படி நடக்கின்றன என்று பார்த்தால், நம் ஆளும் அவனிடம் இருக்கிறான் என்ற பயம் இருக்கும்போது நடக்கின்றன. அன்னியர் வந்து முகாமைப் பார்க்கிறார் என்ற கூச்சம் இருக்கும்போது நடக்கின்றன. சொந்த நாட்டு ஜனங்கள் கேள்வி கேட்பார்கள் என்றிருக்கும்போது நடக்கின்றன. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பூட்டு இருக்கும், சாவி காவல்காரன் இடுப்பில் இருக்கும். பூட்டுச் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இது தெரியாததல்ல.

மூன்றும் இல்லாமற்போன இடத்தை நாம் தூரத்தில் தேட வேண்டியதில்லை. இலங்கை 1959லேயே ஜெனிவா ஒப்பந்தங்களை ஒப்புக்கொண்ட நாடு. உள்நாட்டு யுத்தமானாலும் ஆயுதத்தைக் கீழே போட்டவனைக் கொல்லக் கூடாது என்று அவற்றின் மூன்றாவது ஷரத்து சொல்லுகிறது. 2009 மே மாதம் வட்டுவாகலில் தாய்மார்களும் மனைவிமார்களும் தங்கள் கண் முன்னே பட்டாளத்தாரிடம் ஒப்படைத்த பிள்ளைகளும் கணவன்மார்களும் எங்கே? செஞ்சிலுவைச் சங்கத்தை அதற்கு முன்பே அங்கு அண்டவிடவில்லை. கட்டப்பட்டவர்கள் சுடப்படும் படத்தை அந்த வருஷமே சீமைத் தொலைக்காட்சி ஒன்று காட்டியது. பொய்ப் படம் என்றது கொழும்பு. மெய்தான் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் சொன்னார்கள். 2017 முதல் அந்தத் தாய்மார்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். கேட்டுக் கேட்டே செத்தவர்களும் உண்டு. 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீசாரைப் புலிகள் கொன்றதும் அதே ஷரத்துக்கு விரோதமான கொலையே. நம்மவர் செய்தால் கொலை இல்லை என்று சொல்லுகிறவனுக்கு, கொழும்பைக் கேள்வி கேட்க வாய் ஏது?

2019இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டு, முகத்தில் இரத்தத்தோடு படமெடுத்துக் காட்டப்பட்டபோது, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொதிக்காதவர் இல்லை. கொதித்தது நியாயமே, 13ஆவது ஷரத்துக்கு அது விரோதந்தான். ஆனால் அதே பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டு, “அவன் ஆள் நம்மிடம் அகப்பட்டால் கட்டி வைத்துத் தோலை உரிக்க வேண்டும்” என்று சொன்னவர்களையும் நாம் கேட்டோம். இந்தத் தேசபக்தர் உரிக்கச் சொல்லுவது உண்மையில் யார் தோலை? எதிரியிடம் இருக்கும் நம் பிள்ளையின் தோலைத்தான் என்பது அவருக்கு ஏன் தோன்றவில்லை?

இன்னொரு சங்கதி. 1977இல் ஜெனிவா ஒப்பந்தங்களுக்கு இரண்டு அனுபந்தங்கள் எழுதப்பட்டன. அன்னிய ஆட்சியை எதிர்த்துப் போராடுகிறவனும் பிடிபட்டால் யுத்தக் கைதியாகவே நடத்தப்படலாம் என்பதற்கு முதல் அனுபந்தம் இடம் கொடுக்கிறது. உள்நாட்டு யுத்தத்தில் பிடிபட்டவனுக்கு இரண்டாவது அனுபந்தம் பாதுகாப்பு சொல்லுகிறது. அதாவது கோபால நாயக்கருக்கு 1801இல் கிடைக்காமற்போனது எதுவோ அதுவே முதல் அனுபந்தத்தில் இருக்கிறது. கோபால நாயக்கருக்கு விருப்பாச்சியில் மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் டில்லி சர்க்கார் இவ்விரண்டு அனுபந்தங்களிலும் சேரவில்லை. அமெரிக்கா முதலியவையும் ஊர்ஜிதம் செய்யவில்லை என்பது ஒரு பதிலாகாது. மண்டபத்தில் மாலை போட வருகிற பார்லிமெண்டு மெம்பர்களிடம், மாலை போட்டு முடிந்த பிறகு, இந்த அனுபந்தங்களைப் பற்றி டில்லியில் எப்போதாவது வாயைத் திறந்ததுண்டா என்று திண்டுக்கல் ஜில்லாத் தோழர்கள் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் பதிலை நமக்கு எழுதுவார்களாக.