அளவுகோல் ஏந்தாத ஆய்வு

திருப்பெரும்புதூரையடுத்த பென்னலூர் நெடுஞ்சாலையோரம் விடியலில் நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிலகங்களுக்கு நம் இளைஞர் அணியணியாய்ச் செல்வர். அங்கே உறுப்புகளைக் கடையும் பணிக்கு வருபவன், முதற்கண் அளவுக் கருவியைப் பிடிக்கக் கற்கின்றான். மயிரிழையளவு பிழைத்தாலும் உறுப்புத் தள்ளுண்டு போகும் அன்றோ?

இனி, தமிழில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வுக்குப் புகும் இளைஞரை நோக்குவோம். தலைப்பு உண்டு; நெறியாளர் உண்டு; கால வரம்பும் உண்டு. சுவடி படிக்கவும், பதிப்புகளை ஒப்புநோக்கவும், பிறர் கருத்தையும் தம் கருத்தையும் பிரித்தெழுதவும் அவருக்குக் கைப்பயிற்சி எங்கே?

ஆய்வியல் நிறைஞர் பட்டம் ஒருவாறு அப்பயிற்சிக்குக் களமாயிருந்தது. பல்கலைக்கழக நல்கைக்குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறை அதனைக் கைவிட்டது. முனைவர் பட்டப் பாடப்பணிக்குக் குறைந்தது 12 தகுதிப்புள்ளிகள் என்றும், அதில் ஆய்வு முறையியலும் ஆய்வறமும் இடம்பெற வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஏட்டளவில் இது நன்றே. ஆயினும், எல்லாத் துறைக்கும் பொதுவான வினாப்படிவமும் விழுக்காட்டுக் கணக்கும் இலக்கிய ஆய்வாளனுக்குப் போதா.

ஆய்வுமுறை நமக்கு மேலையர் இட்ட கொடையன்று. நூலுக்குரிய 10 குற்றங்களையும் 32 உத்திகளையும் தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. நன்னூலார் எழுவகைக் கொள்கைகளைத் தொகுத்தார். பிறர் கூற்றை உடன்படல், மறுத்தல், ஏற்றுப் பின் களைதல், தாமே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல் முதலியன அவை. முன்னாய்வுகளை எடைபோடுதல் என்று இன்று சொல்வது இதனையே அன்றோ? 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சா., சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார்.

நம்மவர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்ப்பற்றுச் சான்றுக்கு ஈடாகாது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு ஒரு சொல்லைத் தமிழென நிறுவப் புகுவது, பகைவர் கையில் நாமே படைக்கலம் தருவதாகும். மொழிஞாயிறு பாவாணர் வேரும் திரிபும் பொருள்வளர்ச்சியும் காட்டியே எழுதினார். 1974இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநர் அவரே. 1981இல் அவர் மறைந்த பின்னும் அப்பணி நின்றுவிடவில்லை. முறை கற்ற கைகள் இருந்தமையாலன்றோ?

பட்டம் பெறுவார் அனைவர்க்கும் பேராசிரியப் பணி வாய்க்காது. பதிப்பும் மொழிபெயர்ப்பும் கலைச்சொல்லாக்கமும் கற்றவர்க்கோ நாட்டில் வேலையுண்டு. பென்னலூர்ப் பக்கத்துத் தொழிலகங்களில் பொறியருகே தொங்கும் விழிப்புரைப் பலகை பிழையற்ற எளிய தமிழில் அமைந்தால், ஒரு தொழிலாளியின் விரல் தப்பும். அதனை எழுத வல்லாரைத் தமிழ்த்துறையன்றி வேறு யார் உருவாக்குவர்?

ஆகலின், தமிழ்த்துறைகள் முதல் அரையாண்டில் தலைப்பே தராதிருக்கட்டும். ஓர் ஓலையைப் படியெடுக்கட்டும் மாணவர். ஒரு பாட்டின் இரு பதிப்புகளை ஒப்பிடட்டும். ஒரு நூலுக்குச் சொல்லடைவு செய்யட்டும். அயல்மொழிப் பக்கம் ஒன்றை நல்ல தமிழிற் பெயர்க்கட்டும். அதன்பின் தலைப்பைத் தாமே தேர்வர்.

அளவு தெரிந்த கைக்கே பொறி. முறை தெரிந்த கைக்கே தமிழாய்வு!