மாநில எல்லையில் முடியாத மாநகரம்

கோயம்புத்தூரின் எதிர்காலம் பற்றிய விவாதங்களில் மெட்ரோ, பெருந்திட்டம், தொழில் வழித்தடம் ஆகிய மூன்று சொற்கள் இப்போது தவறாமல் இடம்பெறுகின்றன. 1994-இல் ஒப்புதல் பெற்ற நகரத் திட்டத்திற்கு முப்பதாண்டுகளுக்குப் பின், 2041-ஐ இலக்காகக் கொண்ட பெருந்திட்டம் 1,500 சதுர கிலோமீட்டருக்கும் கூடுதலான பரப்பை உள்ளடக்கி வந்திருக்கிறது. மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. நகரில் 20 லட்சம் மக்கள் இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் 2011 கணக்கெடுப்பின்போதே கோவையும் அதனோடு இணைந்த நகர்ப்பகுதிகளும் 21 லட்சம் பேரைக் கொண்டிருந்தன. யாரைக் கோவையின் மக்களாகக் கணக்கிடுவது என்பதில் ஒன்றிய அரசு காட்டிய கஞ்சத்தனம் கண்டிக்கத்தக்கது. அதே கேள்வியை மேற்கு எல்லையில் நின்று கேட்டால், தமிழ்நாட்டில் தீட்டப்படும் திட்டங்களும் விடை சொல்லத் திணறும்.

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையில், கோபாலபுரத்தில் கேரள எல்லை வருகிறது. இருபுறமும் தென்னை, இருபுறமும் தமிழ். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை எனச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊராட்சிகளில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். சித்தூர் முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தின் பகுதிகளாயின. மொழிவழி மாநிலங்கள் உழைக்கும் மக்களின் ஜனநாயகக் கோரிக்கை. கம்யூனிஸ்டுகள் அதற்காகப் போராடினார்கள். அந்த நிலைப்பாட்டில் மாற்றத்திற்கு இடமில்லை. எனினும் மொழி எல்லை கோடாக அமைவதில்லை, பட்டையாகவே அமைகிறது. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களைப் போலவே சித்தூரின் கிழக்குப் பகுதியும் அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழிவகுத்துள்ளது. கிராம அலுவலகத்தில் தமிழ் விண்ணப்பத்திற்குத் தமிழிலேயே பதில் கிடைக்கும் நாளில்தான் அந்தச் சட்டம் நிறைவேறியதாகக் கொள்ளமுடியும்.

கோவையின் பெருமைகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது சிறுவாணித் தண்ணீர். அந்த அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973-இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கோவை குடிக்கிறது. அணையில் முழுக் கொள்ளளவுக்கு நீர் தேக்கப்படாத ஆண்டுகளில் மாநகரின் குழாய்கள் வறள்கின்றன. தெற்கே நிலைமை தலைகீழ். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீரைத் தமிழ்நாடு மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு விட வேண்டும். மணக்கடவில் நீர் குறைந்தால் சித்தூர் விவசாயி சாலைக்கு வருகிறார்; வாய்க்காலின் கடைமடை காய்ந்தால் பல்லடம், காங்கேயம் விவசாயி சாலைக்கு வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்ப்பதில் ஆதாயம் அடையும் கட்சிகள் இருபுறமும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு என்று ஒப்பந்தமே சொல்கிறது. 1958 முதல் கணக்கிட்டால் 1988-இல் முடிந்திருக்க வேண்டிய அந்த வேலை இன்றுவரை முடியவில்லை.

மாநகரின் தொழில் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற பட்டத்தைத் தொழிலதிபர்கள் தங்கள் துணிச்சலுக்குக் கிடைத்த பரிசாகவே எழுதிவருகின்றனர். 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலை, 1930-களில் வந்த பைக்காரா மின்சாரம், பிறகு பம்ப்செட், வார்ப்படம் என்று அந்த வரலாறு நீளும். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகியோருக்கு அதில் இடமில்லை. 2021 ஜூலையில் பாஜக வட்டாரங்கள் கிளப்பிய ‘கொங்குநாடு’ கூச்சலும் இதே முதலாளிமார் வரலாற்றின் மேல்தான் நின்றது. வட்டாரப் பெருமிதத்தின் போர்வையில் சாதிப் பெருமிதத்தை விற்பது அதன் நோக்கம். நூற்பாலை, வார்ப்படப் பட்டறை, கட்டடம், தோப்பு ஆகியவற்றில் உழைத்தவர்களைக் கொண்டு மாநகரின் அடையாளத்தை எழுதினால், அது மாநிலக் கோட்டில் நிற்காது.

மூலதனத்திற்கு அந்தக் கோடு என்றோ மறைந்துவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பாலக்காட்டுத் தொழில் நகருக்கு 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய் மதிப்பீடு, 51,000 வேலைகள் என்று ஒன்றிய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதே வழித்தடத்தில் கோவையும் இருக்கிறது. வாளையாறுக்கு இருபுறமும் ஒரே தொழிற்பகுதி உருவாகும்போது, குறைந்த கூலி, மலிந்த நீர், பலவீனமான சங்கம் எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் ஆலை நகரும். இது ஊகமல்ல, சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடை ஏற்கெனவே அனுபவித்தது. 2000-இல் அங்கு இயங்கத் தொடங்கிய கோககோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது. 2002 ஏப்ரலில் எரவாளர், மலசர் பழங்குடி மக்கள் தொடங்கிய போராட்டத்தின் விளைவாக 2004-இல் ஆலை மூடப்பட்டது. இழப்பு 216 கோடி ரூபாய் என உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் எலப்புள்ளி மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி அளித்தபோது, அப்பகுதி மக்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டதன் பின்னணி இதுவே. அப்போது ஆட்சியில் இருந்தது இடதுசாரிகள் என்பதால் அந்தக் கேள்வியின் நியாயம் குறைந்துவிடவில்லை.

உழைப்பாளிக்கோ அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. 2020-இல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தபோது, காலையில் கடந்து மாலையில் திரும்பியவர்களின் பிழைப்பு ஒரே நாளில் அறுந்தது. இடம்பெயர் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைக்கும் ஒப்பந்தக்காரர்களைக் கட்டுப்படுத்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்பில் அந்த வரம்பு பத்தாக உயர்ந்துவிட்டது. நாள்தோறும் போய்வருபவரை மனத்தில் வைத்து இரண்டுமே எழுதப்படவில்லை. ஈஎஸ்ஐ அட்டை எங்கும் செல்லும். ஆனால் கட்டடத்திலும் தோப்பிலும் தினக்கூலிக்குப் போகிறவரிடம் அந்த அட்டையே இல்லை. நலவாரியங்களோ மாநிலத்துக்கு ஒன்று. தென்னை மரத்திலும் இந்த விநோதம் உண்டு. மேற்கே கள் இறக்குவது தொழில், அதற்கு நலநிதியும் உண்டு. 1987 முதல் கிழக்கே அதுவே குற்றம்.

ரயிலைப் பாருங்கள். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை அகலப்பாதையாக்கத்திற்காக 2008-இல் மூடப்பட்டு 2015-இல்தான் திறக்கப்பட்டது. முன்பு ஓடிய ரயில்கள் அனைத்தும் திரும்பவில்லை. கோவை 2007 வரை பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்தது. சேலம் கோட்டம் உருவானபோது பிரிந்தது. பொள்ளாச்சி இன்னும் பாலக்காட்டுக் கோட்டத்தில்தான் இருக்கிறது. மெட்ரோவுக்காகப் போராடுவது சரியே. அதற்கு ஆகும் பணத்தில் மிகச் சிறிய பங்கைக்கொண்டு, காலை மாலை வேலைநேரத்தில் பாலக்காடு–பொள்ளாச்சி–போத்தனூர் ரயில்களை ஓட்டலாம். இந்தக் கோரிக்கை எந்தப் பெருந்திட்டத்திலும் முன்னணியில் இல்லை. இரண்டு மாநிலங்களின் பயணிகளுக்கும் உரியது என்பதால், அது எந்த மாநிலத்தின் கோரிக்கையாகவும் ஆகவில்லை.

இங்கே கட்சி அமைப்பைப் பற்றிய கேள்வியும் எழுகிறது. கொழிஞ்சாம்பாறைக் கிளை பாலக்காடு மாவட்டக் குழுவிலும், பொள்ளாச்சிக் கிளை தமிழ்நாட்டிலும் இருப்பது இயல்பு. ஆனால் எல்லையின் இருபுறமும் வேலை செய்யும் ஒரே தொழிலாளியை இரு சங்கங்களும் அடுத்தவரின் பொறுப்பாகக் கருதிவிடும் அபாயம் உண்டு. மாநிலக் கட்சிகள் நீர்ப் பிரச்சனையில் தத்தம் மாநிலக் கொடியைப் பிடிக்கலாம். அகில இந்தியக் கட்சி அப்படி நடந்துகொள்ள முடியாது. சித்தூர், பொள்ளாச்சி விவசாயச் சங்கங்கள் ஒன்றாக அமர்ந்து மணக்கடவு அளவீட்டைப் பரிசீலிப்பது, வாளையாறுக்கு இருபுறமும் ஒரே வேலைக்கு ஒரே கூலி கோருவது, கோவை பெருந்திட்டத்தின் மீதான கோரிக்கை மனுவில் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உழைப்பாளிகளின் பேருந்து, குடியிருப்பு, மருத்துவத் தேவைகளைச் சேர்ப்பது ஆகியவற்றை இரு மாவட்டக் குழுக்களின் கூட்டுக் கூட்டமே தொடங்கிவிட முடியும். மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்ட ஒரே துண்டறிக்கையை ஒரே நாளில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பேருந்து நிறுத்தங்களில் கொடுக்க எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.