வைஃபை வரவில்லை என்றொரு கடிதம்



தெப்பக்காட்டிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டாராம். எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் வரவில்லை. தெரிந்த லினக்ஸ் குழுவில் கேட்டிருக்கிறார். "முதலில் படித்துவிட்டு வா" என்று பதில் வந்ததாம். "இனி யாரிடமும் கேட்கமாட்டேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகவே இந்தப் பக்கம்.

தெப்பக்காட்டு யானை முகாமை ஒட்டி வாழ்கிற அவர் கணினியைக் காட்ட கூடலூருக்கு பஸ் ஏற வேண்டும். ஊட்டி என்றால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள். அவருக்குக் குழுதான் கடை, குழுதான் மெக்கானிக்.

இத்தனைக்கும் தவறு அவருடையதே அல்ல. பல வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் மட்டும் போதாது, ஃபர்ம்வேர் என்ற கோப்பும் வேண்டும். மூலநிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் நெடுங்காலக் கொள்கை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி அதைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்க்கிறார்கள். அவர் போட்டது அதற்கு முந்தைய பதிப்பு. செல்போனை யூஎஸ்பி கம்பியால் மாட்டி, அதன் இணையத்தில் ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம். இதைச் சொல்ல இரண்டு வரி போதுமே!

லினக்ஸுக்கு அடித்தளமான கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததே ஒரு பிரிண்டர் தகராறில்தான். 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்து ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. அதற்கு வழி செய்ய அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் பிரிண்டரின் மூலநிரலைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தார். உதவி கேட்டு மறுக்கப்பட்டவர் தொடங்கிய இயக்கத்தில், உதவி கேட்டு வருகிறவரை விரட்டுவது அநியாயம். லினக்ஸை உருவாக்கிய, கடுஞ்சொல்லுக்குப் பேர்போன லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். லினக்ஸ் கெர்னலுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன புரியும்? டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளை பெரும்பாலான மடிக்கணினிகளில் சிப்பின் பெயரைக் காட்டிவிடும். ஃபர்ம்வேர் கிடைக்காமல் தடுமாறியிருந்தால் கெர்னல் பதிவில் அதைச் சொல்லும் வரியே இருக்கும். இரண்டையும், பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் சொல்கிறவர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. வைஃபை சிப் தயாரிக்கும் பிராட்காம் நிறுவனம் விவரம் தராத காலத்தில், சிப்பின் போக்கைத் தாங்களே ஆராய்ந்து டிரைவர் எழுதியவர்கள் தன்னார்வலர்கள். 2010இல்தான் அந்த நிறுவனமே திறந்த டிரைவரை வெளியிட்டது. சரியாகிவிட்டால், எப்படிச் சரியானது என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

தெப்பக்காட்டுத் தங்கைக்கு: மறுபடி கேளம்மா. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் தமிழிலேயே சொல்லித்தரும் லினக்ஸ் குழுக்கள் இருக்கின்றன.

விவரம் தெரிந்த வாசகர்களுக்கு: இப்படியொரு கேள்வி கண்ணில் பட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். சொல்ல நேரமில்லையென்றால் பேசாமல் கடந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்