தனியே இருக்கும் அம்மாவும் அக்கினி நட்சத்திரமும்

பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வீடு ஊருக்குக் கிளம்புகிறோம். "இந்த முட்டி வலியோட நான் எங்க வர்றது? நீங்க போயிட்டு வாங்க, வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று பெரியவள் தங்கிவிடுகிறாள். பால்காரரிடம் சொல்லி, மாத்திரை வாங்கி வைத்தால் நமக்கும் நிம்மதி. ஆனால் அவள் தனியே இருக்கும் அந்த நாட்கள் எவை? மே 4-க்கு மேல் வரும் அக்கினி நட்சத்திர நாட்கள்!

2003 ஆகஸ்டில் பிரான்ஸ் தேசத்தில் கடும் வெயில். சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயது தாண்டியவர்கள். அங்கே அது விடுமுறை மாதம். பிள்ளைகள் வெளியூரில், பலர் வீட்டில் தனியாக. அதன்பின் 2004-ல், தனித்திருக்கும் முதியோர் பெயரை ஊர் நிர்வாகம் பதிந்து வைத்து, வெயில் காலத்தில் விசாரிக்கச் சட்டமே வந்தது. நம் தமிழக அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வயதானால் உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைவு. போதாததற்கு, அடிக்கடி பாத்ரூம் போகவேண்டுமே என்று முட்டி வலிக்காரர்கள் தண்ணீரையே குறைத்துக் கொள்வார்கள். கரண்ட் பில்லுக்காக ஃபேனை நிறுத்துவார்கள். திருட்டு பயத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள். பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடி, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கும்.

திண்டிவனத்தில் அண்ணன் குடும்பம் ஊருக்குப் போனால், எழுபத்தெட்டு வயது அம்மா தனிதான். விழுப்புரத்துக்கு வாம்மா என்றால், "வாசல் தெளிச்சுக் கோலம் போட ஆள் வேணாமா?" என்பாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் தினம் போக முடியுமா? போன்தான். "நல்லா இருக்கியாம்மா?" என்றால், "எனக்கென்ன கொறச்சல்?" என்றுதான் பதில் வரும். அதனால் வேறு மாதிரி கேட்கிறேன்: "கூஜாவுல எவ்ளோ தண்ணி மீதி இருக்குது? காலையில என்ன சாப்ட்ட? ஒண்ணுக்கு மஞ்சளாப் போவுதா?" பதிலிலேயே நிலவரம் தெரிந்துவிடும்.

நீங்களும் செய்து பாருங்கள்:

காலையிலேயே அளந்து கூஜாவில் தண்ணீர் வைத்து, கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீர்மோர், நீராகாரம், நுங்கு எல்லாம் நல்லது. இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக் கொள்ளவேண்டும்.

பகல் பதினொன்று முதல் நாலு வரை வெளியே வேண்டாம். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையை விட்டு, காற்றோட்டமான இடத்தில் படுக்கட்டும். ஈரத்துண்டால் கழுத்து, கைகளைத் துடைத்துக் கொண்டு ஃபேனடியில் உட்கார்ந்தால் சூடு தணியும்.

பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ, உடனே 108-ஐக் கூப்பிடவேண்டும். வண்டி வரும்வரை ஈரத்துணி போட்டு விசிறலாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

போனால் எல்லாம் ஆகிவிடாது, சகோதரிகளே! எங்கள் அம்மாவைக் காலையும் மாலையும் நேரில் பார்ப்பது எதிர்வீட்டு அக்காதான். சாவி ஒன்று அவரிடம் இருக்கும். சந்தடியில்லாத அந்தப் பத்து நாள் அம்மாவுக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. இஷ்டப்படி சமையல், மத்தியானத் தூக்கம். அதைக் கெடுக்கவேண்டாம். வாசலில் கோலம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஜோடிக் கண் மட்டும் இருக்கட்டும்.