டல்கிளிஷ் ஓடிப்போனவரா?

1991 பெப்ரவரியில், லிவர்பூல் கழகம் லீக் பட்டியலில் முன்னணியில் நின்ற வேளையில், முகாமையாளர் கென்னி டல்கிளிஷ் பதவி விலகினார். அதைக் கோழைத்தனம் என்போர் இன்றும் உளர். இது அநியாயமான பேச்சு.

1985இல் ஆட்டக்காரராக இருந்தபடியே பொறுப்பேற்று, முதற் பருவகாலத்திலேயே லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றவர் இந்த ஸ்கொட்லாந்துக்காரர். மூன்று லீக் பட்டங்கள் வென்றவருக்கு ஆட்டத்தில் என்ன அச்சம்?

1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேரின் உயிர் போனது. டல்கிளிஷ் ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குச் சென்றார். அதே நாட்களில் 'சன்' பத்திரிகையோ இறந்தவர்களின் தோழர்கள் மீதே பொய்ப்பழி சுமத்தியது. பத்திரிகைக்காரன் என்ற வகையில் எனக்கு அது தலைகுனிவு. ரசிகர்கள் மீது தவறில்லை என யூரர் சபை தீர்ப்பளித்தது 2016இல்தான்.

அந்தச் சுமையோடு மேலும் இரு பருவகாலங்கள் உழைத்தவர், தன்னால் இனி முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விலகினார். ஓய்வின் பின் பிளக்பேர்ன் கழகத்தைப் பொறுப்பேற்று, 1995இல் பிரீமியர் லீக் பட்டமும் வென்று கொடுத்தார். 2011இல் லிவர்பூல் அழைத்தபோது திரும்பியும் வந்தார்.

இவரையா ஓடிப்போனவர் என்பது? முகாமையாளரும் மனிதரே என்பதை விமர்சகர்கள் முதலில் ஏற்கட்டும்.